காகிதத் தோட்டாவும் இறுகிப்போகும் ஷார்ப்ஸ் துப்பாக்கியும்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்களிடம் 1859 மாதிரி ஷார்ப்ஸ் துப்பாக்கியின் இத்தாலியப் பிரதி ஒன்று இருக்கிறது. 0.54 அங்குல விட்டம், நெம்புகோலால் பின்பக்கம் திறந்து தோட்டா போட்டு, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் வகை. தோட்டாவை நீங்களே காகிதத்தில் உருட்டுகிறீர்கள். நாலைந்து சுட்டதும் நெம்புகோல் இறுகிவிடுகிறது. நடுநடுவே கேப் மட்டும் வெடிக்கிறது, வெடிமருந்து பற்றுவதில்லை. திறந்து பார்த்தால் தோட்டா அமரும் அறைக்குள் கருகிய காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எந்தக் காகிதம், எந்தப் பசை வாங்கினால் இது தீரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இவை மூன்று தனித்தனி நோய்கள். காகிதமும் பசையும் மூன்றாவதற்கு மட்டுமே மருந்து. நெம்புகோல் இறுகுவதற்குக் காரணம் துப்பாக்கிக்குள் இருக்கிறது. கேப் மட்டும் வெடிப்பதற்குக் காரணம் தோட்டாவின் வால் பக்கத்தில் இருக்கிறது. மூன்றையும் காகிதத்தின் தலையில் கட்டினால் ஊரிலுள்ள காகிதத்தையெல்லாம் வாங்கிப் பார்த்து அலுத்துப்போவீர்கள்.

ஷார்ப்ஸ் வகைப் பிரதிகளைப் பல வருடங்களாகச் சுட்டு வருகிறேன். கிளப்பில் மற்றவர்களுடையதைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தும் பழக்கம் உண்டு. கீழே வரும் மற்ற வகைத் துப்பாக்கிகளைப் பற்றி வரலாறாகத்தான் தெரியும், அவற்றில் கைப்பழக்கம் கிடையாது. உங்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் மருந்தின் அளவை எண்ணாகத் தரமாட்டேன். உங்கள் தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுதான் உங்களுக்கு எல்லை. இன்னொன்று, இதில் விவாதத்துக்கே இடமில்லை: போட வேண்டியது கருமருந்து (கரிய நிறப் பழைய வகை வெடிமருந்து), அல்லது கையேடு பெயர் சொல்லி அனுமதிக்கும் மாற்று மருந்து. இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கலந்தால் சுத்தமாக எரியும் என்று யாராவது சொன்னால், அவர் பக்கத்தில் நின்று சுடாதீர்கள்.

முதலில் இறுகும் நெம்புகோல். பித்தளைத் தோட்டாவில் மருந்து எரியும்போது பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாயு பின்பக்கம் வர வழியில்லை. அழுத்தம் குறைந்ததும் கூடு சற்றே சுருங்கும், வெளியே எடுக்கலாம். வாயுவை அடைப்பது தோட்டாவின் வேலை. துப்பாக்கி அந்தக் கூட்டைத் தாங்கிப் பிடித்தால் போதும். காகிதத்தால் இது முடியாது. ஆகவே பின்பக்கம் திறக்கும் துப்பாக்கியில் காகிதத் தோட்டா போடுவதென்றால் வாயுவை அடைக்கும் பொறுப்பு முழுவதும் துப்பாக்கியின் மேல் விழுகிறது. காகிதத்துக்கு மிஞ்சுவது, குண்டையும் மருந்தையும் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு எரிந்து மறையும் வேலை மட்டும்தான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டாத துப்பாக்கிக்காரர்களே இல்லை. பிரஷ்யா 1841-இல் ஏற்ற டிரைஸ் ஊசித் துப்பாக்கியில், தோட்டா நுழையும் பின்வாய் வாயுவைக் கசியவிட்டது. முகத்தில் அடிக்கிறதென்று சிப்பாய்கள் இடுப்பிலிருந்தே சுட்டதாகச் சொல்வார்கள். பிரான்சின் 1866 ஷாஸ்போ துப்பாக்கி, பின்வாயை மூடும் கட்டையின் முனையில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து அழுத்தத்தில் அது பிதுங்கி அடைக்கும்படி செய்தது. நன்றாகவே அடைத்தது, ஆனால் சூட்டில் ரப்பர் கெட்டுப்போகும், மாற்று வளையம் கையிருப்பில் வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸும் டெர்ரியும் வேறு வழி பிடித்தார்கள். தோட்டாவின் வாலிலேயே கொழுப்பில் ஊறிய கம்பளிவில்லை ஒன்றை வைத்தார்கள். அது அடைப்பானாக வேலை செய்து அறையிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா அதை முன்னே தள்ளும். அடுத்த வெடியில் குழலைத் துடைத்துக்கொண்டே வெளியே போகும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஸ்மித் கார்பைன் (குட்டைத் துப்பாக்கி) ரப்பர் கூட்டையும் பர்ன்சைட் பித்தளைக் கூட்டையும் பயன்படுத்தின. அடைக்கும் வேலையைத் தோட்டாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

ஷார்ப்ஸ் துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில், நெம்புகோலை இறக்கினால் கனமான பின்கட்டை கீழே வழுக்கி இறங்கும், ஏற்றினால் மேலே வந்து குழலின் பின்வாயை மூடும். இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர வேண்டுமானால் நடுவில் இம்மியளவாவது இடைவெளி வேண்டும், வாயுவுக்கு அந்த இம்மி போதும். ஆரம்பத் துப்பாக்கிகள் இதனால் பெயர் கெட்டன. பிறகு கோனன்ட் என்பவரின் வளையம் வந்தது. 1859-இல் ரிச்சர்ட் லாரன்ஸின் நகரும் தகடு வந்தது; வெடியின் அழுத்தமே அந்தத் தகட்டை முன்னே தள்ளிக் குழலின் முகத்தோடு அழுத்தும். இன்றைய பிரதிகள் பலவற்றில் இதே யோசனையை வேறு பக்கத்திலிருந்து செய்திருக்கிறார்கள். அறையின் பின்முனையில் ஒரு சிறிய எஃகு வளையம் தளர்வாக உட்கார்ந்திருக்கும். சுடும்போது அது பின்னே நகர்ந்து கட்டையின் முகத்தில் அழுந்தும். குக்கர் காஸ்கெட் ஆவியின் அழுத்தத்தாலேயே இறுகுவது போலத்தான். அந்த வளையம் நகர வேண்டும் என்பது இதில் உயிர்நாடி. கரி படிந்து அது ஒட்டிக்கொண்டால் வேலை செய்யாது. வாயு கசியும், கசியும் வாயு கரியைச் சுமந்துகொண்டு கட்டையின் நான்கு பக்கமும் பரவும், நெம்புகோல் இறுகும். அடுத்த வெடியில் வளையம் இன்னும் மோசமாக ஒட்டும். நாலைந்தில் உங்களுக்கு நின்றுபோவது இந்தச் சுழலால்தான் என்பது என் கணிப்பு.

சரிபார்ப்பது எளிது. குழலும் அறையும் காலி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கட்டையைக் கழற்றிவிட்டு, பின்வாயில் அந்த வளையத்தை மென்மையான மரக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். சற்று முன்பின் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துப் பிறகு வெளியே எடுங்கள். அதன் வெளிச்சுற்றிலும் அது உட்காரும் பள்ளத்திலும் பலகை போல் இறுகிய கரி இருக்கும். சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லியதாகப் பூசித் திரும்ப வையுங்கள். கட்டையின் முகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றிச் சாம்பல் நிறம் வட்டமாக, ஓரம் சுத்தமாக நின்றிருந்தால் அடைப்பு வேலை செய்கிறது. சூரியக் கதிர் வரைந்தது போல் விளிம்புவரை கோடுகள் ஓடியிருந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு கசிவு. சிலர் வளையத்துக்குப் பின்னால் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தி இதை நன்றாகவே சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கடைசல் வேலை வேண்டும், பழகிய துப்பாக்கி மெக்கானிக் செய்ய வேண்டியது. உங்கள் பிரதியில் நகரும் வளையமே இல்லாமல் வெறும் இரும்பு முகங்கள் மட்டும் இருந்தால், எவ்வளவு நல்ல தோட்டா உருட்டினாலும் ஓரளவு கசிவோடுதான் வாழ வேண்டும்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று எல்லாம் உப்புகள். காய்ந்தால் கல், ஈரம் பட்டால் சேறு. அதனால் இந்தத் துப்பாக்கிக்கு ஈரம்தான் நண்பன். சுட்டு முடித்து, கட்டையை இறக்கி, அறை காலி என்று பார்த்தபின் கட்டையின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நெம்புகோலை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். காற்று வறண்ட நாளில் இந்த ஒரு பழக்கத்தாலேயே இருமடங்கு சுட முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், ஈரம் அறைக்குள் தேங்கினால் அடுத்த தோட்டாவின் வால் நனைந்து மருந்து பற்றாது. ஆகவே சொட்டுத்தான், ஊற்றல் இல்லை.

கட்டையின் பக்கவாட்டுகளில் கிரீஸ் தாராளமாக இருக்கட்டும். குண்டின் பள்ளங்களில் தடவ, தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்ததைத்தான் நான் பயன்படுத்துகிறேன். பெட்ரோலியக் கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்தால் தார் போலாகிவிடும் என்பது கருமருந்துக்காரர்களிடம் வேதவாக்கு. குண்டில் தடவும் இடத்தில் அது பெரும்பாலும் உண்மை என்பதே என் அனுபவம். ஆனால் கட்டையின் பக்கங்களில் வாகனக் கிரீஸ் போட்டுப் பிரச்சினையே இல்லாமல் சுடுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் அதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன். கொழுப்பு தடவிய தோட்டா என்றதும் நம்மில் பலருக்கு 1857 சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வரும். அந்த என்ஃபீல்டு முன்வாய்த் துப்பாக்கி. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டியிருந்தது, சிக்கல் அங்கேதான் வெடித்தது. பின்வாய்த் துப்பாக்கியில் கடிக்கும் வேலை கிடையாது, தோட்டா முழுதாக உள்ளே போகிறது.

இனி தோட்டா. உருட்டத் தொடங்குவதற்கு முன் உங்கள் அறையை அளந்தே ஆக வேண்டும். "ஷார்ப்ஸ் 0.54" என்று சொல்லி விற்கும், குண்டு வார்க்கும் அச்சும் காகிதம் சுற்றும் உருளையும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று நம்பக் கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அறையின் நீளமும் குழலின் பள்ள அளவும் மாறும், சில நேரம் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு துப்பாக்கிக்குள்ளேயே மாறும். அளக்கச் சிறந்த வழி செரோசேஃப் என்ற உலோகக் கலவை. கொதிநீரின் சூட்டிலேயே உருகிவிடும். குழலை உள்ளிருந்து துணியால் அடைத்து, அறையில் ஊற்றி, இறுகியதும் தள்ளி எடுக்கலாம். எடுத்த உடனே அளக்காதீர்கள். அது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். வார்த்து ஒரு மணிநேரம் ஆனபின் அளந்தால் அறையின் உண்மையான அளவு கிடைக்கும், நாள்கணக்கில் விட்டால் அறையைவிடச் சற்றுப் பெரிதாகிவிடும். அந்த வார்ப்பில் மூன்று அளவு எடுங்கள்: அறையின் விட்டம், பின்முகத்திலிருந்து புரி (குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள்) தொடங்கும் இடம்வரை நீளம், புரியின் பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தோட்டா செய்யும் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.

குண்டு மென்மையான சுத்த ஈயமாக இருக்க வேண்டும். சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தால் அதிலுள்ள ஆன்டிமணி குண்டைக் கெட்டியாக்கும். வெடியின் உதையில் அது விரிந்து புரிக்குள் நிரம்பாது, வாயு குண்டைத் தாண்டி முன்னே ஓடும். குண்டின் வளையங்கள் பள்ள விட்டத்தைவிடச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது. ஷார்ப்ஸுக்கென்றே இருக்கும் குண்டில், அடியில் ஒரு குறுகிய வளையம் வால் போல நீட்டியிருக்கும். காகிதக் குழாயை அதன்மேல் செருகி நூலால் கட்டுவதற்கோ ஒட்டுவதற்கோ அது. அந்த வால் இல்லாத சாதாரணக் குண்டிலும் தோட்டா செய்யலாம், ஆனால் காகிதம் குண்டின் பக்கத்தில் ஏறி நிற்கும், அந்த இடத்தில் தடிமன் கூடும், புரியின் வாயில் கசங்கும். வாலுள்ள அச்சு ஒன்றை வாங்குவது வீண்செலவு இல்லை. ஈயம் உருக்கும்போது காற்றோட்டமான இடம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், இரண்டும் உங்களுக்கே தெரியும்.

தயாரான தோட்டாவைப் பெருவிரலால் அறைக்குள் தள்ளும்போது குண்டின் முன்வளையம் புரியில் போய் மெல்ல முட்டி நிற்க வேண்டும், தோட்டாவின் வால் பின்முகத்துக்குச் சமமாகவோ இழையளவு உள்ளேயோ நிற்க வேண்டும். குழாயின் நீளத்தை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மருந்தின் அளவை வைத்து அல்ல. மருந்து குறைவாக இருந்து குழாய் நிரம்பவில்லை என்றால் காலியிடத்தை அப்படியே விடாதீர்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் அழுத்தம் அங்கே குவிந்து குழலில் வளையம் போல் புடைப்பு விழும். இது பயமுறுத்தும் கதை இல்லை, நடப்பது. அந்த இடத்தைக் கம்பளிவில்லையாலோ அட்டைவில்லையாலோ நிரப்புங்கள். மருந்துக்குப் பின்னால், கட்டையின் பக்கமாக, சிறு இடைவெளி இருந்தால் அதுவும் ஆபத்தா என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அது ஆபத்தைவிடத் தொந்தரவு என்றுதான் படுகிறது: கேப்பின் தீ அந்த இடைவெளியையும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது, அதனால் மருந்து தாமதமாகப் பற்றும்.

குழாய்க்குக் காகிதம்: மெல்லியதாக, மினுமினுப்புப் பூச்சில்லாமல், உருட்டினால் நிற்கும் அளவுக்கு விறைப்பாக இருந்தால் போதும். சிகரெட் காகிதம் குண்டின் எடையைத் தாங்காது. வண்ணப்பத்திரிகைக் காகிதத்தின் பூச்சு எரியாமல் தட்டாக மிஞ்சும். அச்சிடாத செய்தித்தாள் காகிதம் எனக்கு என்றுமே ஏமாற்றம் தந்ததில்லை. உருளையில் ஒன்றரைச் சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி விரற்கடை அகலம், அதற்கு மேல் வேண்டாம். பசையைப் பற்றிக் கேட்டீர்கள். எந்தப் பசை என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். உங்கள் அறையில் மிஞ்சிய அந்தக் கருகிய துண்டை அடுத்தமுறை எடுத்து விரலில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீளவாட்டில் ஒரு நாடா போல இருக்கும், ஒரு ஓரம் கண்ணாடி போல் கெட்டியாக. அது காகிதம் மிஞ்சியது அல்ல, பசைக்கோடு மிஞ்சியது. பசைக்குச்சியை ஒரு முறை இழுத்தால் போதும், அல்லது நீர்த்த ஸ்டார்ச் பசையைத் தூரிகை முனையால் ஒரு கோடு. ஒட்டியதும் உருளையைக் குழாய்க்குள் ஒரு தடவை திருப்பி விடுங்கள். பிதுங்கிய பசை உருளையோடு காகிதத்தை ஒட்டிக் காய்ந்துவிட்டால் அந்தக் குழாயைக் கிழிக்காமல் கழற்ற முடியாது.

வால் பக்கம்தான் உங்கள் இரண்டாவது நோய்க்கு வேர். ஷார்ப்ஸில் கேப்பின் தீ நேராக மருந்துக்குப் போவதில்லை. கேப் உட்காரும் நிப்பிளிலிருந்து கட்டைக்குள் இறங்கி, திரும்பி, கட்டையின் முகத்திலுள்ள நடுத்துளை வழியாக வெளியே வந்துதான் தோட்டாவைத் தொடுகிறது. வளைந்த பாதையில் வருவதால் வேகமும் சூடும் குறைந்த தீ அது. எதிரே இரண்டு மடிப்புக் காகிதம் பசையோடு நின்றால் தோற்றுப்போகும். இதற்கு அன்றைக்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று, கட்டையின் மேல்விளிம்பு கத்தி போலச் செயல்பட்டு, ஏறும்போது தோட்டாவின் வாலைச் சீவித் தள்ளும். மருந்து திறந்த நிலையில் தீயைச் சந்திக்கும். மற்றொன்று, காகிதத்துக்குப் பதில் துணியில் செய்த குழாயின் அடியில் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) ஏற்றிய மெல்லிய காகிதத்தை மட்டும் ஒட்டுவது. சீவத் தேவையில்லை, தீ அதைத் துளைத்துப் போகும்.

நான் இரண்டாவதன் பக்கம். வாலைச் சீவும்போது மருந்துத் துகள்கள் கட்டையின் மேல் கொட்டும். மேலே இருப்பவை வெடியில் பறந்துவிடும், கண்ணுக்கும் தொப்பிக்கும் அதுவே நல்லதல்ல. பக்கவாட்டில் நழுவிக் கட்டைக்குக் கீழேயும் முன்மரத்துக்குள்ளும் சேர்பவை இன்னும் மோசம். கசியும் துப்பாக்கியில் அவை பற்றினால் முன்மரம் பிளக்கும், அதன்மேல் இருப்பது உங்கள் இடக்கை. மேலும் பல பிரதிகளில் அந்த விளிம்பு போதிய கூர்மையோடு வருவதில்லை. காகிதத்தை வெட்டாமல் மடித்து நசுக்குகிறது, தீக்கு முன்னால் இன்னும் ஒரு மடிப்பைச் சேர்த்துவிடுகிறது. உங்கள் கேப் வீணாவது இதனால்தான் என்று பந்தயம் கட்டுவேன். சீவிச் சுடுவதுதான் வரலாற்றுக்கு உண்மை என்று வாதிடுபவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதும் தவறில்லை. காட்சிக்காக ஒன்றிரண்டு சுடுவதற்கு அப்படியே செய்யட்டும். குறிபார்த்துச் சுடும் முழு நாளுக்கு எனக்கு அது வேண்டாம்.

வெடியுப்பு ஏற்றிய காகிதத்தின் புகழ் அளவுக்கு மீறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் குழாய் முழுவதையும் அதில் செய்கிறார்கள். அப்படிச் செய்த குழாய் நொறுங்கும் தன்மை பெறும், பையில் குலுங்கியே ஓரங்கள் உடையும். அதைவிட முக்கியமாக, அணையாத கங்கு ஒன்று அதில் பட்டால் ஊதுவத்தி போல் ஊர்ந்து எரியும், அடுத்த தோட்டா காத்திருக்கும் இடத்தில் நமக்கு வேண்டாத குணம் அது. பக்கவாட்டுக் காகிதம் எரியாவிட்டாலும் பரவாயில்லை, வாயு அதைக் குண்டோடு சேர்த்து வெளியே வீசிவிடும். எனவே உப்புக் காகிதம் அடியில் மட்டும், ஒற்றை அடுக்கு. சிகை அலங்காரக் கடைக்காரர்கள் முடி சுருட்டப் பயன்படுத்தும் மெல்லிய தாள் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. குழாயின் வாயில் ஓரத்தில் மட்டும் பசை தொட்டு அதை மேளத்தோல் போல் இழுத்து ஒட்டி, காய்ந்ததும் சுற்றிலும் கத்தரித்துவிடுங்கள். கேப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நிப்பிள் துளையில் கரி அடைத்திருக்கிறதா என்று ஊசியால் பார்ப்பதையும் பழக்கமாக்குங்கள்.

மருந்துத் துகளின் பருவெட்டு, இந்த விட்டத்துக்கு டப்பாவில் இரண்டு எஃப் (FF) என்று எழுதியிருப்பது. மூன்று எஃப் இன்னும் சிறிய துகள், வேகமாகவும் சற்றுச் சுத்தமாகவும் எரியும், அழுத்தமும் கூடும். கையேடு அனுமதித்தால் ஒழிய வேண்டாம். குழாயில் கொட்டியபின் விரலால் தட்டி மருந்தை அமர விடுங்கள், குச்சியால் இடிக்காதீர்கள். மருந்து திறந்திருக்கும் மேசையில் புகைபிடித்தல், ஈயம் உருக்கும் அடுப்பு, கைபேசி சார்ஜர் எதுவும் கூடாது. பெரிய டப்பாவிலிருந்து நேராகக் குழாய்க்குக் கொட்டாமல், அளவைக் குடுவையில் எடுத்து, டப்பாவை மூடிய பிறகே அடுத்த காரியம்.

சுடும் இடத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் கட்டையை இறக்கி அறைக்குள் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த தோட்டாவைத் தொடுங்கள். காகிதத் தோட்டாத் துப்பாக்கியில் கங்கு தங்குவது உண்மையான ஆபத்து, கட்டை திறந்திருக்கும் நிலையில் மருந்து பற்றினால் பின்னால் வருவது உங்கள் முகத்துக்கு. சந்தேகமிருந்தால் ஈரத்துணி சுற்றிய கோலை ஒருமுறை விடுங்கள். வேகமாகச் சுட்டுக் காட்டுவதற்காக இந்தப் பார்வையைத் தவிர்ப்பவர்களைக் கிளப்பில் நாங்கள் அனுமதிப்பதில்லை. அடுத்தது, கேப் வெடித்தும் மருந்து பற்றாதபோது. உடனே நெம்புகோலை இறக்கத் தோன்றும். கூடாது. குழலைக் குறிப்பலகையை நோக்கியே பிடித்து, முழுதாக ஒரு நிமிடமாவது நில்லுங்கள். பிறகு இரண்டாவது கேப் வைத்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மறுபடி ஒரு நிமிடம் காத்து, கேப்பை எடுத்துவிட்டு, அப்புறம்தான் திறக்க வேண்டும். குண்டு புரியில் முட்டியிருப்பதால் காகிதம் மட்டும் கையோடு கிழிந்து வரும், மருந்து கட்டைமேல் கொட்டும். முதலில் அந்த மருந்தைத் தண்ணீரால் முழுவதும் நனைத்துவிட்டுப் பிறகு, முன்வாயிலிருந்து கோலால் குண்டைத் தள்ளுங்கள், கையும் முகமும் வாய்க்கு நேரே வராமல்.

வீட்டுக்கு வந்ததும் நெம்புகோல் அச்சின் முளையைத் திருப்பி உருவினால் கட்டை நெம்புகோலோடு கீழே வந்துவிடும். அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய திருகு இருக்கும், தீ வரும் பாதையைத் துடைப்பதற்கென்றே வைத்தது. அதைக் கழற்றாமலேயே பல வருடம் ஓட்டியவர்களின் துப்பாக்கிதான் "கேப் மட்டும் வெடிக்கிறது" என்று என்னிடம் வரும். திருகின் மரையில் ஒவ்வொரு முறையும் கிரீஸ் தொட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் தலை முறியும். கட்டை, வளையம், குழல் எல்லாவற்றுக்கும் வெந்நீரும் சோப்பும் போதும், விலையுயர்ந்த கரைப்பான் எதுவும் தேவையில்லை. துடைத்து, சூட்டோடு சூடாக எண்ணெய் பூசுங்கள். முன்மரத்தையும் அவ்வப்போது கழற்றி உள்ளே மருந்துத் துகள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். இப்போது நீங்கள் உருட்டும் அதே தோட்டாவோடு, வளையத்தை மட்டும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து முதலில் சுடுங்கள். நெம்புகோல் தளர்ந்தால் முதல் நோய் தீர்ந்தது, கேப் வீணாவது அப்படியே இருக்கும், இருக்கட்டும். அடுத்தமுறை வாலை மாற்றுங்கள், அதற்கடுத்து பசையை. வளையத்தைச் சுத்தம் செய்தும் கட்டை முகத்தில் அந்தக் கதிர்க்கோடுகள் விளிம்புவரை ஓடினால், கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கத் தகடு செருகிப் பார்க்க வேண்டும். அதை எழுத்தில் சொல்லிக் கொடுப்பதைவிட, துப்பாக்கியைப் பிரித்து வைத்து நடுத்துளையும் வளையமும் தெரியும்படி எடுத்த இரண்டு படங்களை இங்கே போட்டீர்கள் என்றால் பார்த்துச் சொல்கிறேன்.